முழங்கால் தொட்டால் ஒன்றாம் கியர்

ஜூன் 3

அண்ணா,

உனக்கு வணக்கம் சொல்ல மனசில்லை. சொல்லாமல் தொடங்கினால் அம்மா திட்டுவாள். ஆகவே பாதி மட்டும்: வண.

"இந்தப் பேச்சை எடுத்தா போனை வெச்சிருவேன்" என்றாய். ஒவ்வொரு தடவையும் வைத்தும்விட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தால் மேஜையில்தான் வைக்க வேண்டும். அங்கேயே கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன், அதுவும் உன் ஆபீஸ் விலாசத்துக்கு. இடிபட்ட வண்டிகளைப் பார்த்து எவ்வளவு தரலாம் என்று மதிப்புப் போடும் இன்சூரன்ஸ் அதிகாரி அவர்களுக்கு, இடித்த வண்டியின் தரப்பிலிருந்து ஒரு விண்ணப்பம்.

பொருள்: அம்மா இனி கார் ஓட்டக் கூடாது, காரை விற்கப்போகிறேன் என்ற தங்கள் தீர்ப்பை எதிர்த்து.

நடந்ததை நீ மதில்மேல் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய். மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது; பக்கத்து வீட்டு மாமா மட்டும் எப்போதும் நம் பக்கம்தான் எட்டிப் பார்ப்பார். "அம்மாவுக்கு முன்னாடி எது, பின்னாடி எதுன்னே தெரியல தம்பி" என்று சொன்னாராம். அம்மா முன்னால் போக நினைத்துப் பின்னால் போய் அவர் சுவரில் முட்டினாள். உண்மை. ஒரு செங்கல் பெயர்ந்தது. அதுவும் உண்மை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. இது பொய்.

நம் கடுகைப் பற்றி உனக்கே ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நீ பிறக்கும் முன்பே பிறந்த கார் அது. நான்கு பேர் உட்கார்ந்துவிட்டால் காற்று ஏறக்கூட டிக்கெட் கிடையாது. கடுகு சிறுத்தாலும் கார் குறையாது. ஆனால் அதன் கியர் லீவர், காலிக் குடத்தில் விட்ட கரண்டி மாதிரி நாலாபக்கமும் ஆடும். நீ வீட்டை விட்டுப் போன பிறகு ஆட்டம் இன்னும் கூடிவிட்டது. அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். லீவரை இடப்பக்கம் தள்ளுவாள். பக்கத்து சீட்டில் இருக்கும் என் முழங்காலில் இடிக்கும். இடித்ததும் முன்னால் தள்ளினால் ஒன்றாம் கியர். ரிவர்ஸ் வேண்டுமென்றால் "காலை எடுடி" என்பாள். நான் பல்லி மாதிரி கதவில் ஒட்டிக்கொள்வேன். லீவர் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகும், முன்னால் தள்ளினால் ரிவர்ஸ். ஆக, அந்த வண்டியின் உதிரிபாகங்களில் என் முழங்காலும் ஒன்று.

அன்று நான் பள்ளிக்கூடத்தில் தண்டனையில் இருந்தேன். (காரணம் கேட்காதே. கரும்பலகையும் சோப்பும் சம்பந்தப்பட்டது.) ஒரு வீட்டில் திரைச்சீலை மாட்டப் போகும் அவசரத்தில், என் சீட்டில் அம்மா திரைக்கம்பிகளைச் சாய்த்து வைத்திருந்தாள். கம்பிக்கு ஏது முழங்கால்? லீவர் போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது.

வண்டி இல்லாவிட்டால் கம்பிகளையும் துணிச்சுருள்களையும் அம்மா தலையிலா தூக்கிப் போவாள்? தொழிலை மூடிவிட்டு உன் மூன்றாம் மாடி வீட்டில் வந்து உட்கார வேண்டும், அதுதானே உன் திட்டம்? அவளிடம் சொன்னேன். வாயில் குண்டூசிகளோடு, "நான் என்ன அவன் வீட்டு ஜன்னலுக்குத் திரையா, சும்மா தொங்கிட்டிருக்க?" என்றாள்.

குற்றவாளி வண்டிக்கு அடியில் ஒளிந்திருக்கிறான். பிடிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
வால்


ஜூன் 9

வாலுக்கு,

'பொருள்' என்று எழுதியிருந்ததால் உன் கடிதத்தை ஆபீஸ் விண்ணப்பம் என்று நினைத்துப் பிரித்து, முத்திரை குத்தி, மேலாளர் படித்து, பிறகு என்னிடம் கொடுத்தார்கள். "கம்பிக்கு ஏது முழங்கால்" என்று இப்போது பியூன்கூடச் சொல்கிறார். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிற எல்லோரும் வண்டியைத்தான் குறை சொல்வார்கள். பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டியரிங் இழுத்துவிட்டது, விளக்கு மங்கல். வண்டிக்கு வாய் கிடையாது, அதனால் பழி அதன் தலையில். முழங்காலைக் குறை சொன்ன முதல் ஆள் நீதான்.

போன மாதம், இடிபட்ட வண்டிகளை நிறுத்தும் எங்கள் யார்டுக்கு ஒரு சின்னக் கார் வந்தது. ஓட்டியவருக்கு அம்மா வயது இருக்கும். முன்பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. டேஷ்போர்டு மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் மடித்துவைத்தபடி அப்படியே இருந்தது. நான் அதை எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போக வேண்டும். போக முடியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் கேட்காதே.

அப்பா போன பிறகு வண்டி என் பேரில்தான் இருக்கிறது. பழைய கார்களைச் சேகரிக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். அம்மா இங்கே வந்தால் இங்கேயும் ஜன்னல்கள் இருக்கின்றன, திரை தைக்கலாம்.

வண்டிக்கு அடியில் போகாதே. போகாமல் இருக்க மாட்டாய் என்று தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பாதே. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை, வண்டிக்கு அடியிலும் கனமான கட்டை கொடு.

அண்ணன்


ஜூன் 16

அண்ணா,

நீ சொன்னபடி கட்டைகள் கொடுத்தேன். உன் பேச்சைக் கேட்ட வகையில் இதுவே என் முதல் குற்றம்.

கியர் லீவரின் அடியிலிருந்து ஒரு நீளக் கம்பி கியர் பெட்டிக்குப் போகிறது. அது போய்ச் சேரும் மூட்டில், ஆடாமல் பிடித்துக்கொள்ள, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு நைலான் வளையம், பெயர் புஷ். அதைத்தான் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், மோந்து பார்க்காதே. வட்டமாக இருந்திருக்க வேண்டிய துளை எப்படி நீண்டு கிடக்கிறது பார். கொட்டாவி விட்டவன் வாயை மூட மறந்த மாதிரி. மேலே லீவர் ஒரு சாண் நகர்ந்தால் கீழே கம்பி ஒரு விரல்கடை நகர்கிறது. கடுகுக்கு மூட்டுத் தேய்மானம், அவ்வளவுதான். மூட்டு தேய்ந்தது வண்டிக்கு. படுத்துக்கொள்ளச் சொல்வது அம்மாவையா?

மூட்டைக் கோத்திருந்த ஆணி துருவோடு திருமணம் செய்துகொண்டிருந்தது. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, சுத்தியலால் தட்டி, விவாகரத்து வாங்கினேன். கழற்றுவதற்கு முன் கம்பியின் நிலையைக் குறித்துக்கொள்ள அம்மாவின் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு. அந்த யோசனை அம்மாவுடையது. "பிரிக்கறதுக்கு முன்னாடி குறி போடு, இல்லன்னா சேர்க்கும்போது கோணும்" என்றாள். துணியைச் சொன்னாளா கம்பியைச் சொன்னாளா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சரியாக இருந்தது.

புதுப் புஷ் எந்தக் கடையிலும் இல்லை. "இந்த வண்டி இன்னும் ரோட்டுல ஓடுதா?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். "இல்ல சார், நாங்கதான் அதைத் தூக்கிட்டு ஓடறோம்" என்றேன். பிறகு அம்மாவின் பெட்டியிலிருந்து கனமான திரைக்கம்பியின் முனைக்குமிழ் ஒன்றை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். கெட்டி நைலான். பழைய புஷ்ஷின் தேயாத ஓரத்தை அளந்து, அதே அளவில் கடைந்து தந்தார்கள். மாட்டினேன். இப்போது லீவர் ஆடவே இல்லை. விறைப்பாக நிற்கிறது, உன்னை மாதிரி.

நாளைக்கு அம்மா ஓட்டுவாள். சேகரிப்பவரை வேறு எதையாவது சேகரிக்கச் சொல். தபால்தலை நல்லது, சுவரில் இடிக்காது.

வால்


ஜூன் 21

வாலுக்கு,

வீட்டு விலாசத்துக்கு எழுது என்றேன். கவர் மறுபடியும் ஆபீஸுக்கே வந்தது. உள்ளே இருந்த அந்தக் குப்பை, மேஜையிலிருந்த மூன்று கோப்புகளில் கிரீஸ் அப்பிவிட்டது. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உன் சாட்சியை நீயே வைத்துக்கொள்.

புஷ் தேய்ந்திருப்பது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரைக்கம்பிக் குமிழில் ஓடும் வண்டியில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் தூக்கம் போகிறது.

ஓட்டினாளா? எப்படி இருந்தது என்று நீ எழுதவில்லை. நீ எழுதாமல் விடுகிற ஆள் இல்லை.

அண்ணன்


ஜூன் 24

அண்ணா,

மதில்மேல் மாமா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அதே சுவர். பக்கத்துச் செங்கல்.

சிரிக்காதே. சிரிக்க மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நடந்தது இதுதான். நான் கம்பீரமாக முன்சீட்டில் உட்கார்ந்தேன், முழங்காலை வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். அம்மா சாவியைத் திருப்பினாள், கிளட்ச்சை மிதித்தாள், லீவரை இடப்பக்கம் தள்ளினாள். என் முழங்காலில் இடித்தது. முன்னால் தள்ளினாள். கடுகு பின்னால் பாய்ந்தது.

யோசித்துப் பார். முன்பு லீவர் ஆடியதால் அது என் முழங்காலைத் தொடும்போதுதான் கீழே கம்பி ஒன்றாம் கியருக்கு வந்து சேரும். இப்போது ஆட்டம் இல்லை. ஒன்றாம் கியர் முழங்காலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. முழங்கால் இருக்கும் இடத்தில் இப்போது ரிவர்ஸ். மூட்டுப் புதுசு, முட்டி பழசு! நான் வண்டியைச் சரிசெய்தேன், அம்மாவின் கையைச் சரிசெய்ய மறந்துவிட்டேன். அந்தக் கை இத்தனை வருஷமாக ஒரு பழுதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

இரண்டு தடவையும் முட்டியது ஒரே காரணத்தால் இல்லை. முதலில் வண்டி தப்பு. இரண்டாவதில் நான் தப்பு. அம்மா தப்பே இல்லை. இதை உன் ஆபீஸ் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவாயோ, எழுதிக்கொள்.

மாமா சுவருக்கு இந்தப் பக்கம் வந்து, "ஏம்மா, என் சுவரு மேல உங்களுக்கு என்ன கோவம்?" என்றார். அம்மா இறங்கி, பெயர்ந்த செங்கலைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "கோவம் இல்ல. பாசம். விட்டுப் பிரிய முடியல" என்றாள். நான் அவள் வயிற்றில் பிறந்தது ஏன் என்று அப்போது புரிந்தது.

உள்ளே வந்த பிறகு அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரே திரையின் ஓரத்தை இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

வால்


ஜூன் 28

மாமா போன் செய்தார். உன் கடிதமும் வந்தது.

போதும். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வாங்குபவர் வருவார். ஓட்டிப் பார்த்து, அவரே ஓட்டிக்கொண்டு போவார். காகிதங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ விளையாட்டு எதுவும் காட்டாதே.

அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

விளையாட்டு எதுவும் காட்டவில்லை. நீ தபாலில் அனுப்பிய பொருளைத்தான் காட்டினேன்.

சனிக்கிழமை வண்டிக்கு அடியில் போய்ப் புதுப் புஷ்ஷைக் கழற்றி, நீ அன்போடு திருப்பி அனுப்பிய கொட்டாவி புஷ்ஷை மறுபடி மாட்டினேன். உடன்பிறப்பின் உதவிக்கு நன்றி.

வாங்குபவர் பளபளவென்று ஷூ போட்டு வந்தார். கடுகைச் சுற்றிச் சுற்றி வந்து, "பொக்கிஷம், பொக்கிஷம்" என்றார். ஓட்டிக்கொண்டே திரும்புவதாக எண்ணம், அதனால் பஸ்ஸில் வந்திருந்தார். உட்கார்ந்தார். ஒன்றாம் கியர் போட்டார், மூன்றாம் கியர் விழுந்தது, வண்டி விக்கி நின்றது. மறுபடி போட்டார், எதுவுமே விழவில்லை. மூன்றாம் தடவை ரிவர்ஸ் விழுந்தது. மதில்மேல் மாமா, "ஐயோ, வேணாம் சார், வேணாம்!" என்று ஓடி வந்து தன் சுவர் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படி நின்றிருக்க மாட்டார்.

அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள். "எறங்கிப் பின்னாடி உக்காருங்க சார், பஸ் ஸ்டாப்புல விட்டுடறேன்" என்றாள். என்னைப் பார்த்து, "காலை நீட்டுடி." முழங்கால் தொட்டது, ஒன்றாம் கியர், வெண்ணெயாய் நகர்ந்தது கடுகு. தெருமுனை, இரண்டு திருப்பம், பஸ் ஸ்டாப். ஒரு குலுக்கல் கிடையாது. இறங்கும்போது அவர் சொன்னார்: "வண்டியில குறை இல்லம்மா. என்கிட்டதான் அந்தப் பொண்ணோட முழங்கால் இல்ல." உன் காகிதங்களை என்னிடமே தந்துவிட்டார். பத்திரமாக இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன்.

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமலே கேட்டாள்: "பழசை மாட்டுனியா?"

"ஆமாம்மா. ஜெயிச்சிட்டோம்ல?"

"அவரை ஏமாத்தி நீ ஜெயிச்ச. எனக்கு என்னடி வந்துச்சு? உன் முட்டி இல்லாம என்னால தெருவைத் தாண்ட முடியாதுன்னு இன்னொரு ஆளுக்குக் காட்டிட்ட. அதைத்தானே உன் அண்ணனும் சொல்றான்?"

நான் என் முழங்காலைத் தடவிக்கொண்டேன்.

"புதுசை மாட்டு" என்றாள். "புது மெஷின் வாங்கினா முதல் நாள் தையல் கோணலாத்தான் வரும். அதுக்காக மெஷினைத் தூக்கிப் போடுவாங்களா, தைக்கறவளைத் தூக்கிப் போடுவாங்களா? மாட்டு. உன் முழங்காலை எடுத்துக்கிட்டுப் பின்சீட்டுக்குப் போ."

மாட்டிவிட்டேன். இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன், நிற்கிற வண்டியில் இன்ஜினைப் போடாமல் உட்கார்ந்து கியர் போட்டுப் பழகுகிறாள். கண்ணை மூடிக்கொண்டு. நான் பின்சீட்டில் சும்மா இருக்கிறேன். வாய் திறந்தால் இறக்கிவிடுவாளாம்.

யார்டில் நீ பார்த்த மூக்குக்கண்ணாடிக் கதையை அவளிடம் சொன்னேன். நீ கேட்காதே என்றாய், சொல்லாதே என்று சொல்லவில்லை. "பாவம், பிள்ளை தினமும் அதையே பார்க்கறான்" என்றாள். அடுத்த மூச்சில், "அதுக்கு நான் என்ன பண்ண? அவன் பயத்தை நான் ஓட்ட முடியாது. என் வண்டியைத்தான் ஓட்ட முடியும்" என்றாள்.

வால்


ஜூலை 14

வாலுக்கு,

வாங்குபவர் போன் செய்து அரை மணி நேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உன்னைப் போலீசில் பிடித்துக் கொடுக்கலாமா என்று யோசித்தேன், அவர்களுக்குத்தான் கஷ்டம்.

அம்மா சொன்னதாக நீ எழுதியதை நிறையத் தடவை படித்தேன். அவள் தன் வாயால் அப்படிச் சொன்னாளா, நீ ஜோடித்தாயா என்று தெரியவில்லை. ஜோடிக்கிற அளவுக்கு உனக்கு அறிவு இல்லை என்று முடிவு செய்தேன்.

ஆனாலும் என் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இரண்டு தடவை சுவரில் முட்டியது மாமாவின் சாட்சி. பஸ் ஸ்டாப் வரை போனது உன் சாட்சி. என் கண் எதையும் பார்க்கவில்லை. பார்க்காதவரை என் முடிவு அப்படியேதான் இருக்கும். எனக்கு லீவு இல்லை, இந்த மாதம் அங்கே வர முடியாது. அதுவரை அம்மா ஓட்ட வேண்டாம். தயவுசெய்து.

அண்ணன்


ஜூலை 21, திங்கள் காலை

அண்ணா,

இந்தக் கவரில் தபால்தலை இல்லை, கவனித்தாயா? உன் கார் கண்ணாடியின் வைப்பருக்கு அடியில் செருகியிருக்கிறேன். செருகியது நான். கொண்டுவந்தது கடுகு. ஓட்டியது அம்மா.

லீவு இல்லை, வர முடியாது என்றாய். கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாய். மலை வராவிட்டால் கடுகு வரும். நேற்று மத்தியானம் புறப்பட்டோம். நெடுஞ்சாலை, இரண்டு ரயில்வே கேட், ஊருக்குள் ஒரு மேம்பாலம். அந்த மேம்பால ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்று, ஒன்றாம் கியரில் மறுபடி எடுத்தாள். ஒரு விரல்கடைகூடப் பின்னால் உருளவில்லை. நான் பின்சீட்டில் கம்பிகளோடு கம்பியாகக் கிடந்தேன். வழியெல்லாம் முன்சீட் காலி. அந்தக் காலி சீட்டைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. அதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. இரவு அம்மாவின் தோழி வீட்டில் தங்கினோம், உனக்குத் தெரியாமல் வர வேண்டும் என்பதற்காக.

இப்போது நிலவரம் இதுதான். உன் காருக்கு முன்னால் கடுகு குறுக்காக நிற்கிறது. உன் காருக்குப் பின்னால் சுவர். (சுவரைப் பார்த்ததும் அம்மா "இது வேற சுவர்டி" என்று உறுதி செய்துகொண்டாள்.) கடுகுக்கு முன்னால் தூண். ஆகவே நீ ஆபீஸ் போக வேண்டுமென்றால் கடுகை ரிவர்ஸில் எடுக்க வேண்டும். சாவி உள்ளேயே இருக்கிறது. எந்தப் புஷ் மாட்டியிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். மதிப்பீடு செய்வது உன் தொழில், மதிப்பீடு செய்துகொள். ஓட்டுவது எங்கள் தொழில்.

உன் காகிதங்கள் கடுகின் டேஷ்போர்டு மேல் இருக்கின்றன. கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டியது நீ என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறோம். அம்மா உன் மூன்றாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து, "திரை போட்டிருக்கற லட்சணத்தைப் பாரு, இவன் எனக்கு இடம் தரானாம்" என்கிறாள்.

மீதி வணக்கம் கைவசம் இருக்கிறது. பார்த்துத் தருகிறேன்.

வால்


(அதே தாளின் பின்பக்கம், டீக்கடைப் பையன் கொண்டுவந்து கொடுத்தது)

வாலுக்கு,

உட்கார்ந்து பார்த்தேன். ரிவர்ஸ் முதல் தடவையே விழுந்தது. ஆட்டம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் போட்டுப் பார்த்தேன். நன்றாகச் செய்திருக்கிறாய். இதை நான் சொன்னதாக வெளியே சொன்னால் மறுப்பேன்.

வண்டியை நகர்த்தவில்லை. காகிதங்கள் இரண்டாகக் கிழிந்துவிட்டன.

அம்மாவை வரச் சொல். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிறது, அவளே கொண்டுபோய் விடட்டும். நீ பின்னால் உட்கார். முன்சீட்டில் நான்.

முழங்காலை மடக்கி வைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்